வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரு மாதம்: எந்த வழியில் போகலாம்?

மூன்றாம் ஆண்டு தாண்டுகிற சமயத்தில் மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மாணவர்களின் போனில் இந்த மாதிரி விளம்பரங்கள் வர ஆரம்பிக்கும். பின்னால் கிளிமஞ்சாரோ மலை, முன்னால் நீல நிற ஸ்க்ரப்ஸ் போட்ட இளைஞர்கள், சுற்றிலும் சிரிக்கும் குழந்தைகள். இரண்டு வாரம் மருத்துவமனையில் சேவை, வார இறுதியில் சஃபாரி, முடிவில் சான்றிதழ். பார்த்ததும் மனசு போய்விடும். போகவும் வேண்டும்தான். இருபது வயதில் வேறொரு நாட்டின் வார்டில் நின்று பார்ப்பது ஒரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ வாழ்நாள் முழுக்கப் பயன்படும் படிப்பு. ஆனால் அந்த விளம்பரம் காட்டுவது ஒரு வழியை மட்டும்தான். குறைந்தது நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் செலவு வேறு, கற்றுக்கொள்வது வேறு, அந்த ஊர் நோயாளிக்கு நேர்வதும் வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகிறவர் கற்றுக்கொள்ளத்தான் போகிறார். அவரால் அங்கே நடக்கும் உதவி கொஞ்சம். அவருக்காக அங்குள்ள டாக்டரும் சிஸ்டரும் ஒதுக்கும் நேரம் நிறைய. இதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப ஏற்பாடு செய்கிற வழி நல்ல வழி. "இங்கே நீங்களே டாக்டர்" என்று ஆசை காட்டுகிற வழியை விட்டு விலக வேண்டும். கீழே எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

பணம் கட்டிப் போகிற வழி

தான்சானியா, கானா, கென்யா, நேபாளம், பெரு, கம்போடியா போன்ற நாடுகளுக்கு மாணவர்களை அழைத்துப் போகிற ஏஜென்சிகள் நிறைய. நாம் கட்டணம் கட்டினால் விமான நிலையத்தில் வந்து அழைத்துப் போவது, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவமனையில் இடம், உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் என்று எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த வசதியைக் குறைத்துப் பேச மாட்டேன். முதல் தடவை நாட்டை விட்டுப் போகிற பிள்ளைக்கும், வீட்டில் பயந்துகொண்டிருக்கும் அம்மா அப்பாவுக்கும், நடு ராத்திரியில் கூப்பிட ஒரு நம்பர் இருப்பது பெரிய விஷயம். ஆனால் விமானக் கட்டணம் சேராமலேயே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுவது சகஜம். அதில் நீங்கள் நிற்கப்போகிற வார்டுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். தெளிவாகப் பதில் சொல்கிற நிறுவனத்தோடு மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

எனக்குப் பணத்தை விடப் பெரிய கவலை வேறொன்று. இந்த வழியில் பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் சேரலாம். இன்னும் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டுப் பார்க்காத முதலாம் ஆண்டு மாணவரும் சேரலாம். விளம்பரத்தில் "நேரடி அனுபவம்" என்று இருக்கும். அங்கே போனதும் தையல் போடு, ஊசி போடு, பிரசவத்துக்கு வந்து நில் என்று கூப்பிடுவார்கள். ஆள் பற்றாக்குறையில் திணறுகிற மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி கேட்க நேரம் இருக்காது. நோயாளிக்கோ வந்திருப்பது டாக்டரா மாணவரா என்றே தெரியாது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உகாண்டாவின் ஜிஞ்ஜா நகரில் நடந்தது ஒரு பாடம். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் அங்கே ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்தினார். அங்கே சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். தாய்மார்கள் 2019-ல் வழக்குப் போட்டார்கள். 2020-ல் பொறுப்பை ஏற்காமலே சமரசத்தில் முடிந்தது. அந்தப் பெண் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று நான் நினைக்கவில்லை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவில் இருக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டு டிரிப் ஏற்றினால் இதயம் தாங்காது, வேகமாகச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்து. இவை மனசு நல்லதாக இருப்பதால் தெரிந்துவிடுகிற விஷயங்கள் இல்லை.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-லேயே மாணவர்களுக்கு இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் சாரத்தை நாம் நம் மொழியில் இப்படி எடுத்துக்கொள்ளலாம்: உங்கள் கல்லூரி மருத்துவமனையில் மேற்பார்வையோடு உங்களைச் செய்ய விடாத எதையும் அங்கே போய்ச் செய்யாதீர்கள். அங்குள்ள டாக்டரே வற்புறுத்தினாலும் "நான் இதைப் படித்ததில்லை, பக்கத்தில் நின்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல முடியாத இடமாக இருந்தால் அது உங்களுக்கான இடம் இல்லை.

முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்தில் ஐந்து கிராமம், ஒரு கிராமத்துக்கு முந்நூறு பேர் என்று நடத்துவார்கள். அறுபது வயதுப் பெரியவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடித்து ஒரு மாத மாத்திரை கொடுப்பார்கள். இரண்டாவது மாதம்? உப்பு, சிறுநீரகம், அடுத்த பரிசோதனை இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியதா? ஏறவில்லை என்றால் அந்த முகாமால் அவருக்குப் பயமும் காலி மாத்திரை அட்டையும்தான் மிஞ்சும். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்துகளைச் சேகரித்துக் கொண்டுபோகலாம் என்ற யோசனையும் வேண்டாம். நன்கொடை மருந்துகள் போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதிக் கெடு மிச்சம் இருக்க வேண்டும், பெறுகிறவர்கள் கேட்ட மருந்தாகவே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

"கூடவே ஓர் அனாதை இல்லத்திலும் ஒரு வாரம்" என்று திட்டத்தில் இருந்தால் அந்த நிறுவனத்தையே விட்டுவிடுங்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று ஆய்வில் தெரியவந்தது. வருகிற தன்னார்வலர்களின் பணத்துக்காகவே குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு வருகிற தொழில் நேபாளத்திலும் நடந்திருக்கிறது.

எல்லா நிறுவனங்களும் அப்படி இல்லை. 1992-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சைல்டு ஃபேமிலி ஹெல்த் இன்டர்நேஷனல் மாணவர்களைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களாகவே அனுப்புகிறது. அந்தந்த ஊர் மருத்துவர்கள்தான் திட்டத்தை நடத்துகிறார்கள், மாணவர்கள் பெரும்பாலும் பார்த்துக் கற்கிறார்கள். இந்தியாவுக்கும் அப்படி மாணவர்களை அனுப்புகிறார்கள். ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் உள்ளூர் மருத்துவர்களை முன்னால் வைத்து, மாணவர் என்னென்ன செய்யக்கூடாது என்று எழுதியிருந்தால் அதை நம்பிப் பேசிப் பார்க்கலாம்.

மாணவர் கூட்டமைப்புகளின் பரிமாற்றம்

நம் பக்கத்து மாணவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. சர்வதேச மருத்துவ மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1951-ல் கோபன்ஹேகனில் உருவானது. சுருக்கமாக ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. என்பார்கள். இந்தியாவில் இதன் உறுப்பு எம்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய மருத்துவ மாணவர் சங்கம். ஆண்டுதோறும் பல ஆயிரம் மாணவர்கள் இதன் வழியாக நாடு மாறிப் போய் வருகிறார்கள். ஸ்கோப் என்பது மருத்துவமனைப் பயிற்சி, ஸ்கோர் என்பது ஆராய்ச்சிப் பயிற்சி. பொதுவாக நான்கு வாரம். ஒரு துறையில் இடம், கற்றுக்கொடுக்க ஒரு டியூட்டர், நிரப்ப ஒரு லாக் புக். தங்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடாவதும் அந்த ஊர் மாணவர்கள் பொறுப்பு.

பார்மசி மாணவர்களுக்கு 1949-லிருந்து இருக்கும் ஐ.பி.எஸ்.எஃப்., பல் மருத்துவ மாணவர்களுக்கு 1951-ல் தொடங்கிய ஐ.ஏ.டி.எஸ். என்று இதே மாதிரி அமைப்புகள் உண்டு. நர்சிங், பிசியோதெரபி மாணவர்களுக்கு இந்த அளவுக்குப் பரந்த ஏற்பாடு இல்லை. அவர்கள் அடுத்து வரும் நேரடி வழியைப் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வழியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் கொடுக்கல் வாங்கல். இங்கிருந்து ஒருவர் போனால் அங்கிருந்து ஒருவர் வருகிறார். நீங்கள் போலந்துக்கோ பிரேசிலுக்கோ போனால், அங்கிருந்து வருகிற பிள்ளையை உங்கள் கல்லூரி நண்பர்கள் ஏதோ ஒரு நகரத்தில் பஸ் ஏற்றிவிட்டு, ஓ.பி.க்கு அழைத்துப் போய், வாந்தி பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் காப்பாற்ற வந்தவர் இல்லை என்பது இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

குறைகளும் உண்டு. நீங்கள் கேட்ட நாடோ துறையோ கிடைக்கும் என்று உறுதி இல்லை. டியூட்டர் ஆங்கிலம் பேசுவார், வார்டு ரவுண்ட்ஸ் உள்ளூர் மொழியில் ஓடும். துருக்கியிலோ போலந்திலோ நோயாளியோடு நாலு வார்த்தை நேராகப் பேசுவது கஷ்டம். அதனால் பெரும்பாலும் நின்று பார்க்கிற வேலைதான். மாலையில் சுற்றி இருப்பவர்களும் பல நாட்டு மாணவர்கள் என்பதால் அந்த ஊர்க் குடும்பங்களோடு பழகும் வாய்ப்பு குறைவு. ஆனால் உங்களைப் போலவே தேர்வுக்குப் பயப்படுகிற, வேறு மருத்துவ முறையில் வளர்கிற சக மாணவர்களோடு ஒரு மாதம் ஒரே அறையில் இருப்பதும் ஒரு பெரிய படிப்பு. மூன்றாம், நான்காம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மருத்துவமனைக்கு நேரடியாக எழுதிப் போவது

இதற்குத்தான் எலெக்டிவ் என்று பெயர். பிரிட்டன் மருத்துவ மாணவர்கள் கடைசி ஆண்டுகளில் சில வாரம் விரும்பிய இடத்துக்குப் போய்ப் பயிற்சி எடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். இந்தியாவிலும் 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் எலெக்டிவ் சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. விருந்தாளியை வரவேற்கிற பக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரு கட்டிலோடு தொடங்கிய மருந்தகம் வேலூர் சி.எம்.சி.யாக வளர்ந்தது. அங்கே வெளிநாட்டு மாணவர்கள் எலெக்டிவுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பல நாட்டுக் கண் டாக்டர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். இப்படி வந்துபோனவர்களில் யாரை வார்டு சிஸ்டர்கள் பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். காலையில் நேரத்துக்கு வந்தவர், "வலிக்குதா அம்மா?" என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டவர், கேட்காமல் போட்டோ எடுக்காதவர். இவ்வளவுதான் அவர்கள் எதிர்பார்ப்பு. நாம் போகிற ஊரிலும் இதையேதான் எதிர்பார்ப்பார்கள்.

எங்கே போகலாம்? என் மனசில் முதலில் வருவது யாழ்ப்பாணம்.

காரணம் மொழி. நோயாளியின் வாயிலிருந்தே கதையைக் கேட்க முடியாத மாணவருக்கு வெளிநாட்டு வார்டில் பாதிப் படிப்பு போய்விடும். நடுவில் நின்று மொழிபெயர்க்கிற நர்ஸ் தன் வேலையை விட்டுவிட்டுத்தான் நமக்காக நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் அது தேவையில்லை. தலைவலி தலையிடி, சளி தடிமன், வாந்தி சத்தி என்று நோயின் பெயர்கள் கொஞ்சம் மாறும், இரண்டு நாளில் காது பழகிவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978-ல் தொடங்கியது, போதனா வைத்தியசாலை அதன் பயிற்சிக்களம்.

இந்த ஊருக்கு மருத்துவ யாத்திரை புதிதும் இல்லை. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். 1847-ல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழ் படித்து, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், உடற்கூறியல், அறுவை மருத்துவம் போன்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மத மாற்றம் அவர்கள் நோக்கத்தில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வந்த ஊரின் மொழியில் அந்த ஊர்ப் பிள்ளைகளையே மருத்துவர்களாக்கி விட்டுப் போன கிரீனின் முறை, இன்றைக்கு இரண்டு வாரத்தில் ஐந்து கிராமம் பார்க்கிற முகாம்களை விட எவ்வளவோ மேல்.

இலங்கையில் கற்க இன்னொன்றும் இருக்கிறது. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை பின்னர் நாடு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே வீடு வீடாகப் போகிற குடும்ப நல உத்தியோகத்தர்கள். பணக்கார நாடாக இல்லாமலேயே பிரசவ மரணத்தை இவ்வளவு குறைத்தது எப்படி, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வாங்கியது எப்படி என்று ஒரு வாரம் அந்த உத்தியோகத்தரின் பின்னாலேயே நடந்து பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வை விட அங்கே அதிகம் கிடைக்கும். பிசியோதெரபி மாணவர்களுக்கு, போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக்குகிற யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் மையம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2009-ல் போர் முடிந்தது, அந்த வீடுகளில் அது முடியவில்லை. காயத்தின் வரலாறு சிகிச்சைக்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் கேளுங்கள். தெரிந்துகொள்ளும் ஆர்வத்துக்காக யாரையும் அந்த நாட்களுக்குத் திரும்ப அழைத்துப் போகாதீர்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறைய டாக்டர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் மேல் வேலை குவிந்திருக்கிறது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு உங்கள் கேள்விகளை ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு கேளுங்கள்.

அடுத்தது நேபாளம். 1950 ஒப்பந்தத்தின் பயனாக இந்தியர்களுக்கு விசா வேண்டாம், செலவும் குறைவு. லலித்பூரில் பாடன் மருத்துவமனை, 1996-ல் தொடங்கிய துலிகேல் மருத்துவமனை, பால்பா மாவட்டத்தில் 1954-லிருந்து இயங்கும் தான்சேன் மிஷன் மருத்துவமனை, இந்திய உதவியோடு 1993-ல் உருவான தரான் பி.பி. கொய்ராலா நிறுவனம் என்று பார்க்க வேண்டிய இடங்கள் பல. கண் மருத்துவத்தில் ஆர்வம் உள்ளவர்கள் காத்மாண்டுவின் தில்கங்கா கண் நிலையத்தைப் பார்க்கலாம். கண்புரைக்கு வைக்கும் லென்ஸை அங்கேயே குறைந்த விலையில் தயாரிக்கிறார்கள். மதுரையில் அரவிந்தின் ஆரோலேப் 1992-ல் செய்யத் தொடங்கிய அதே காரியம். நம் ஊரில் பழகிய ஒன்றை இன்னொரு மண்ணில் வேறு விதமாகச் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது இரண்டும் புரியும்.

நேபாளத்தின் உண்மையான பலம் மலைக் கிராமங்களில் வேலை பார்க்கும் பெண் சமூக சுகாதாரத் தன்னார்வலர்கள். 1988-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுமார் ஐம்பதாயிரம் பெண்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லாமல், வைட்டமின் ஏ கொடுப்பதிலிருந்து கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அனுப்புவது வரை அவர்கள் பார்க்கிறார்கள். தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டு விமானத்தில் போய் இறங்குகிற மாணவர், முதலில் போய் வணக்கம் சொல்ல வேண்டியது இவர்களுக்கு.

பண்பாடு என்றால் இங்கே என்ன? தாமி, ஜாங்க்ரி என்கிற மந்திர வைத்தியர்களிடம் போய்விட்டுத்தான் பல நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவார்கள். சிரிக்காதீர்கள். மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டு ஓ.பி.க்கு வருகிற குழந்தைகளை நம் ஊரிலும் பார்க்கிறோம். அவர் என்ன சொன்னார், என்ன கொடுத்தார் என்று மரியாதையாகக் கேட்டால் நோயின் முழுக் கதையும் வெளியே வரும். மேற்கு நேபாளத்தில் மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் தனிக் குடிசையில் வைக்கும் சவுபடி வழக்கத்தை 2017-ல் சட்டம் குற்றமாக்கியது. குளிரிலும் பாம்புக் கடியிலும் அங்கே பெண்கள் இறந்திருக்கிறார்கள். இதைக் கேட்டு ஆத்திரம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் அங்கே அதை எதிர்த்து வேலை செய்கிற உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் மாணவரின் வேலை. தசரா சமயத்தில் போகாதீர்கள், எல்லோரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஆப்பிரிக்காதான் ஆசை என்றால் தான்சானியாவின் மோஷியில் 1971-லிருந்து இயங்கும் கிளிமஞ்சாரோ கிறிஸ்தவ மருத்துவ மையம் போன்ற போதனா மருத்துவமனைக்கு நேராக எழுதுங்கள். விளம்பரத்தில் வந்த அதே மலைதான் அங்கேயும் தெரியும். போவதற்கு முன் மூன்று மாதம் சுவாஹிலி படியுங்கள். மூத்தவர்களை "ஷிகாமோ" என்று வணங்கிவிட்டுப் பேச ஆரம்பிப்பது அங்கே அடிப்படை மரியாதை. சுற்றுலா விசாவில் போய் மருத்துவமனையில் வேலை செய்வது பல நாடுகளில் சட்டப்படி தவறு, எந்த அனுமதி வேண்டும் என்று மருத்துவமனையையே எழுத்தில் கேளுங்கள்.

நேரடி வழியின் கஷ்டம் எல்லாம் உங்கள் தலையில் விழும் என்பதுதான். கடிதம், டீன் கையெழுத்து, தங்குமிடம், காப்பீடு எல்லாம் நீங்களே. பதில் வர மாதங்கள் ஆகும். ஆனால் நீங்கள் கட்டுகிற கட்டணம் பெரும்பாலும் அந்தக் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நேராகப் போகும், உங்களை யார் மேற்பார்வை செய்கிறார் என்பது முதல் நாளே தெரியும். கடைசி ஆண்டு மாணவருக்கும், ஹவுஸ் சர்ஜன்சி முடித்தவருக்கும் இதை விடச் சிறந்த வழி இல்லை என்பது என் எண்ணம்.

பேரிடர் சமயத்தில் மட்டும் எந்த வழியிலும் போகாதீர்கள். 2010-ல் ஹைட்டியில் பூகம்பத்துக்குப் பிறகு தயாரிப்பில்லாமல் வந்து குவிந்த குழுக்களால் பட்ட அனுபவத்தை வைத்துத்தான் 2013-ல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குக் குறைந்தபட்சத் தகுதிகள் வகுக்கப்பட்டன. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் பேர் இறந்த பூகம்பத்தின்போதும் விமான நிலையம் திணறியது. தண்ணீரும் கூடாரமும் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மாணவர் இறங்குவது உதவி ஆகாது.

விமானமே ஏறாத வழி

"எனக்குச் சான்றிதழ் வேண்டாம், நிஜமாகவே யாருக்காவது பயன்பட வேண்டும்" என்று சொல்கிற பிள்ளைகளை நான் முதலில் அனுப்ப நினைப்பது தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கும் சிட்லிங்கி பள்ளத்தாக்குக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் அங்கே போய் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். மலைவாழ் பெண்களையே நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். நீலகிரி கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே நர்ஸ்கள். சத்தீஸ்கரின் கனியாரியில் எய்ம்ஸில் படித்த டாக்டர்கள் தொடங்கிய ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்கிற டாக்டர் தம்பதியின் 'சர்ச்' (SEARCH) அமைப்பு, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பச்சிளம் குழந்தைகளின் இறப்பை 62 சதவீதம் குறைத்ததை 1999-ல் உலகுக்குக் காட்டியது. இன்று ஆஷா என்கிற அரசின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் பிறந்த குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருவதன் வேர் அங்கேதான்.

பண்பாட்டு அனுபவம் வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்று நினைப்பது சரியில்லை. சென்னையில் வளர்ந்த மாணவருக்குக் கூடலூர் பணியர் பழங்குடிக் குடியிருப்பின் பேச்சும் சாப்பாடும் சாவுச் சடங்கும் காத்மாண்டுவை விட அந்நியமாக இருக்கும். செலவு ஒரு ரயில் டிக்கெட். முக்கியமாக, திரும்பப் போகலாம். இந்த விடுமுறையில் பார்த்த காசநோயாளி மருந்தை முடித்தாரா என்று அடுத்த விடுமுறையில் போய்த் தெரிந்துகொள்ளலாம். அந்தத் தொடர்ச்சி வெளிநாட்டுப் பயணத்தில் எத்தனை லட்சம் கொடுத்தாலும் வராது.

யார் எதை எடுக்கலாம்

முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்கள் எந்த நாட்டு வார்டுக்கும் போக வேண்டாம். கிராமத்துக்குப் போங்கள். உடல்நலத்தைக் கவனிக்கக் கல்லூரியில் தத்தெடுக்கச் சொல்லும் குடும்பங்களை வருகைப் பதிவுக்காக இல்லாமல் நிஜமாகவே போய்ப் பாருங்கள். மூன்று, நான்காம் ஆண்டில் பரிமாற்றம். கடைசி ஆண்டில் அல்லது படிப்பு முடித்த பிறகு, கையில் கொஞ்சம் திறமை வந்ததும், நேரடி எலெக்டிவ். நர்சிங், பிசியோதெரபி மாணவர்களுக்கு யாழ்ப்பாணமோ நேபாளமோ நேரடி வழி. ஏஜென்சியை, மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் தந்தால், குடும்பத்தின் நிம்மதிக்காகத் தேர்ந்தெடுக்கலாம். அதற்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

எதிர்காலத்துக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்வி. இந்தியாவில் மேற்படிப்பு இடம் நீட் பி.ஜி. மதிப்பெண்ணில்தான், தன்னார்வச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்படிப்புப் பயிற்சி தேடுகிறவருக்கு அமெரிக்க மருத்துவமனை அனுபவம்தான் கணக்கு, தான்சானியாவில் இருந்தது அதற்கு ஈடாகாது. எனவே சான்றிதழுக்காகப் போவதாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கிளம்புவதற்கு முன்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ், முடிய ஆறு மாதம். ஆகவே பயணத்தை யோசிக்கும் அன்றே முதல் ஊசி. தடுப்பூசி போடாதவருக்கு, தொற்றுள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம், எச்.ஐ.வி.க்கு அது சுமார் 0.3 சதவீதம். அப்படிக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். போகிற மருத்துவமனையில் அது ராத்திரியில் கிடைக்குமா, இல்லையென்றால் எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கானா, உகாண்டா, கென்யா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மெடிசின் துறையில் கேளுங்கள். காப்பீட்டில் அவசர விமான வெளியேற்றமும் ஊசிக் குத்துச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அப்புறம் வருகைப் பதிவு. தியரியில் 75, பிராக்டிகலில் 80 சதவீதம் என்ற விதி உங்கள் சேவை மனசைப் பார்த்து இளகாது, விடுமுறையைக் கணக்குப் போட்டே தேதி குறியுங்கள்.

மருத்துவமனைக்கு எழுதும் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு, எந்தெந்தப் போஸ்டிங் முடித்திருக்கிறீர்கள், எந்தத் தேதிகள் என்று எழுதுங்கள். உங்கள் கல்லூரியில் மேற்பார்வையோடு என்னென்ன செய்ய உங்களுக்கு அனுமதி உண்டு என்று ஒரு வரி, எதெல்லாம் இல்லை என்று இன்னொரு வரி. என்ன கற்க விரும்புகிறீர்கள் என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், "சேவை செய்ய விரும்புகிறேன்" என்று பொதுவாக எழுத வேண்டாம். உங்கள் துறைத் தலைவரின் (ஹெச்.ஓ.டி.) கடிதத்தை இணையுங்கள். நீங்கள் வருவதால் அவர்களுடைய சொந்த மாணவர்களின் இடம் பறிபோகுமா என்றும் கேளுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்கிறவரை அவர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்பே அனுப்புங்கள். மூன்று வாரம் பதில் இல்லை என்றால் மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அவர்களுக்கு இப்போது ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு எழுதுங்கள்.